காசுக்கு மார்க் போடுவது யார்?

வைஷ்ணவதேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் வீட்டில் இருந்தால் லட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்ற செய்தி அவ்வப்போது தமிழ்நாட்டின் கைபேசிகளைச் சுற்றி வருகிறது. உடனே சாமி அலமாரி உண்டியலும் பாட்டியின் சுருக்குப் பையும் கவிழ்க்கப்படுகின்றன. பழைய காசை விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லியே சிலர் கட்டணமும் கமிஷனும் வசூலிப்பதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட வேண்டிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் வெளியிட்டதாகச் சொல்லி அனுமன் உருவத்தோடு விற்கப்படும் செப்பு வில்லைகளைக் கம்பெனி ஒருபோதும் வெளியிட்டதில்லை. ஆனாலும் அவை அரிசியை இழுக்கும் என்று கதை கட்டி, 'ரைஸ் புல்லிங்' ஆசாமிகள் இன்னமும் ஆள் பிடிக்கிறார்கள்.

இந்த ஏமாற்று வேலைகள் எதிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. காசு எந்த நிலையில் இருக்கிறது?

நாணயம் சேகரிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆண்டு, அச்சிட்ட ஊர், உலோகம் எல்லாம் பட்டியல் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். நிலையைக் காசைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் அதுதான். சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 1884-இல் 32 லட்சம் மார்கன் வெள்ளி டாலர்களை அச்சிட்டது. அவற்றில் பெரும்பாலானவை புழக்கத்துக்குப் போய்த் தேய்ந்தன. தேய்ந்த காசு இன்றும் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். புழங்காமல் தப்பிய நல்ல காசு ஒன்றுக்குப் பல பத்தாயிரம் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. இரண்டிலும் ஒரே முகம், ஒரே எடை வெள்ளி. நடுவில் இருப்பது தரம், சேகரிப்பாளர்கள் மொழியில் 'கிரேடு'.

இந்தத் தரத்தை இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டிமேல் ஒட்டிய எண்ணாகவே பார்க்கப் பழகிவிட்டோம். அந்த எண்ணால் நன்மை உண்டு. ஆனால் அது சிலர் சேர்ந்து சொன்ன ஒரு கருத்து, அவ்வளவே. காசை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, ஏன் இந்தத் தரம், ஏன் அதற்கு மேல் இல்லை என்று வாதாடும் பழக்கம் போய்விட்டால் எண்ணைச் சரிபார்க்க ஆளில்லாமல் போகும். இந்திய நாணயங்களைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்துக்கு மாற்றும் கிடையாது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அனுபவசாலி அதை விரல் நுனிகளால் விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் அடியில் மெல்லச் சாய்க்கிறார். முதலில் பார்ப்பது புடைத்து நிற்கும் இடங்களை: காது, புருவம், தாடி, கிரீடத்தின் நடுப்பகுதி. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் முதலில் மழுங்குவது இவைதான். அடுத்து, ஒளி. காசை அச்சிடும்போது அழுத்தம் தாங்காமல் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அப்போது உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், காசைச் சாய்த்தால் சக்கரம்போலச் சுழலும். இந்தச் சுழற்சி முழுதாக இருந்தால் காசு புழங்கவில்லை. புடைப்பின் உச்சியில் மட்டும் அது அறுந்திருந்தால் கொஞ்சம் புழங்கியிருக்கிறது.

வாதம் இங்கேதான் சூடு பிடிக்கும். தாடி மழுங்கியிருக்கிறது, ஆகவே தேய்மானம் என்கிறார் ஒருவர். இல்லை, அச்சு சரியாக விழவில்லை என்கிறார் மற்றவர். உலோகம் அச்சின் பள்ளம் வரை ஏறாமல் போனால், நாணயச்சாலையை விட்டு வெளியே வராத காசிலும் முகம் மழுங்கலாகத்தான் இருக்கும். குடியரசு இந்தியாவின் தொடக்கக்கால ரூபாய் நிக்கலில் வந்தது. நிக்கல் கடினமான உலோகம். அதனால் புத்தம்புதுக் காசிலும் சிங்கங்களின் முகம் தெளியாமல் இருப்பதுண்டு. மழுங்கிய இடத்தின்மேல் ஒளி அறுபடாமல் ஓடினால் அது அச்சின் குறை. அங்கே மட்டும் மங்கினால் தேய்மானம். இதை வாயால் ஆயிரம் முறை விளக்குவதைவிட, தேய்ந்த காசு ஒன்றையும் அச்சு சரியாக விழாத காசு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் புதியவருக்கு ஒரே மாலையில் விளங்கிவிடும்.

தரத்துக்கு எண் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியவரின் கதை விசித்திரமானது. வில்லியம் ஷெல்டன் அமெரிக்க உளவியலாளர். மனித உடல்வாகை மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வாங்கியவர். 1793 முதல் 1814 வரை வெளியான அமெரிக்கப் பெரிய செப்பு சென்டுகளைப் பற்றி 1949-இல் ஒரு நூல் எழுதினார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிந்தால் 1, குறையே இல்லையென்றால் 70 என்று அதில் அளவு வகுத்தார். 70 என்ற எண் சந்தைக் கணக்கில் வந்தது. ஒரு வகைக் காசின் அடிமட்ட விலை ஒரு டாலர் என்றால், 70 தரத்தில் உள்ள அதே காசு 70 டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. தரத்தை அடிமட்ட விலையால் பெருக்கினால் விலை வந்துவிடும். சந்தை அந்த வாய்ப்பாட்டைச் சில காலத்திலேயே பொய்யாக்கியது. அளவுகோல் மட்டும் நிலைத்துவிட்டது. 1977-இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் தன் தர விதிகளை அதன் அடிப்படையிலேயே வெளியிட்டது.

ஷெல்டன் இறந்து ஆண்டுகள் பல கழிந்த பிறகு இன்னொன்று வெளியே வந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நல்ல சென்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னிடமிருந்த மட்டமானவற்றை வைத்திருந்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நல்ல காசுக்கும் சுமாரான காசுக்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு எண்ணால் சொல்லிக்கொடுத்தவர், மற்றவர்கள் அதை அவ்வளவு கூர்ந்து பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் திருடியிருக்கிறார். தரத்தை ஒருவர் கண்ணிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1980-களின் நடுவில் அமெரிக்கச் சந்தை ஒரு வழி கண்டது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான மூன்றாம் தரப்பு தரம் சொல்லட்டும் என்றார்கள். பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் 1986-இலும் என்.ஜி.சி. என்ற நிறுவனம் 1987-இலும் இந்த வேலையைத் தொடங்கின. காசு யாருடையது என்று தெரியாமலேயே பலர் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்வார்கள். பிறகு காசைத் திறக்க முடியாத பெட்டியில் அடைத்து, எண்ணை எழுதி அனுப்புவார்கள். சேகரிப்பாளர் வழக்கில் அந்தப் பெட்டி 'ஸ்லாப்'. நேரில் பார்க்காத காசைத் தொலைபேசியில் பேசி வாங்கும் துணிச்சல் பலருக்கு அப்போதுதான் வந்தது. போலிகள் ஓரளவு ஒதுங்கின. புதிதாக வந்தவரிடம் சுமாரான காசை 'அன்சர்குலேட்டட்' என்று தள்ளிவிடும் வியாபாரிகளின் கை கட்டப்பட்டது. இவை சின்ன நன்மைகள் அல்ல.

எண் வந்ததும் ஆட்டம் மாறியது. பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து அதே நிறுவனத்துக்கோ வேறொன்றுக்கோ மறுபடி அனுப்புவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பொதுத்தேர்வு விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவது போலத்தான். இரண்டு மார்க் ஏறினாலும் லாபம். 2003-இல் 'காயின் வேர்ல்டு' என்ற அமெரிக்க நாணய இதழ் ஒரே காசுகளைப் பல தர நிறுவனங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தது. ஒரு காசுக்குக்கூட எல்லா நிறுவனங்களும் ஒரே தரத்தைச் சொல்லவில்லை. கண்ணை நம்ப வேண்டாம், இயந்திரத்தை நம்பலாம் என்று பி.சி.ஜி.எஸ். 1990-இல் மார்கன் டாலர்களுக்குத் தரம் சொல்லும் கணினியை அறிமுகம் செய்தது. அது நிலைக்கவில்லை. என்.ஜி.சி.யைத் தொடங்கிய ஜான் அல்பனீஸ் 2007-இல் இன்னொரு நிறுவனத்தை நிறுவினார். ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் காசு அந்த எண்ணுக்குத் தகுதியானதுதானா என்று பார்த்துப் பெட்டிமேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அதன் வேலை. தரம் பார்த்தவர்களின் தரத்தைப் பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது!

எண் மோகத்தின் உச்சம் 69-க்கும் 70-க்கும் நடுவில் தெரிகிறது. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் அச்சுக்குப் பின் நேர்ந்த குறை எதுவும் தெரியக் கூடாது என்பது 70-க்கான விதி. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சேகரிப்பாளர்களுக்கென்றே தயாராகி, அலங்காரப் பெட்டியில் விற்கப்படும் இன்றைய நாணயங்களில் பெரும்பாலானவை இந்த உயரத்திலேயே பிறக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக இந்திய அரசு வெளியிட்ட 1,000 ரூபாய் நாணயம் அப்படிப்பட்டது. 35 கிராம் எடை, ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. அது எந்தக் கடையிலும் சில்லறையாகப் புழங்கப் போவதில்லை. அதில் பார்க்க வேண்டியது யாராவது விரல் வைத்துவிட்டார்களா, வெள்ளி கறுத்திருக்கிறதா என்பதை மட்டும்தான். இத்தகைய காசின் கடைசி ஒரு புள்ளிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர் காசை வாங்கவில்லை, சீட்டை வாங்குகிறார்.

எண்ணுக்காக வாதாடுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கூடிப் பேசித் தரம் சொல்லும் வழக்கம் பல இடங்களில் மூத்தவர் வாக்கே வேதம் என்று முடிந்துவிடுகிறது. அந்த மூத்தவர் வியாபாரியாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தான் வாங்கும்போது 'வெரி ஃபைன்' என்று இறக்கிச் சொன்ன காசையே விற்கும்போது 'எக்ஸ்ட்ரா ஃபைன்' என்பார். ஆறாம் ஜார்ஜ் காலத்து 1939 வெள்ளி ரூபாய் அரிதானது. அடுத்த ஆண்டு ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. சாதாரணமாகக் கிடைக்கும் 1938 ரூபாயின் எட்டை ஒன்பதாகத் திருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டை வெறும் பேச்சால் பிடித்துவிட முடியாது. எடை போட்டு, விளிம்பையும் எண்ணின் வேரையும் பெரிதாக்கிப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஆனால் பெட்டியும் முழுப் பாதுகாப்பு இல்லை. தர நிறுவனங்களின் பெட்டிகளையும் சீட்டுகளையுமே போலியாகச் செய்து விற்கும் கும்பல்கள் வந்துவிட்டன. காசைப் பார்க்கத் தெரியாதவருக்குப் போலிப் பெட்டியைப் பார்க்கவும் தெரியாது.

அமெரிக்க டாலருக்குத் தைத்த அளவுகோல் இந்திய காசின்மேல் சரியாக உட்காருவதும் இல்லை. இங்கே காசு வங்கிப் பெட்டகத்தில் மட்டும் தூங்கவில்லை. பூஜையில் குங்குமம் பூசிக்கொண்டது, தாலிக்கொடியிலும் காசுமாலையிலும் தொங்கியது. வளையம் பற்றவைத்த தழும்பும் துளையும் உள்ள வெள்ளி ரூபாய்கள் ஏராளம். விக்டோரியா ராணி ரூபாயைத் திருநீறு போட்டுத் தேய்த்து மினுக்கியவர்களும், செப்புக் காலணாவைப் புளி போட்டுத் துலக்கியவர்களும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. வீட்டுக்காரர் கண்ணுக்கு அது பளபளப்பு. சேகரிப்பாளர் விளக்கைச் சாய்த்தால் தெரிவது ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். சர்வதேச நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்கு எண்ணே தராமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடுகின்றன. அந்த முடிவு சரிதான். மினுக்கிய காசின் தோல் திரும்ப வராது. பரணில் பழைய காசு கிடைத்தவர் செய்யக்கூடிய நல்ல காரியம் அதைக் கழுவாமல் விடுவது.

ஆனால் அதே விதியைச் சங்ககாலக் காசுக்கு நீட்ட முடியாது. கரூர் அமராவதிப் படுகையிலும் மதுரைப் பகுதியிலும் கிடைத்த செப்புக் காசுகள் இரண்டாயிரம் ஆண்டுக் களிம்போடு வருபவை. களிம்பைப் பக்குவமாக நீக்காமல் எழுத்தைப் படிக்க வழியில்லை. 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் படித்து வெளியிட்ட 'பெருவழுதி' காசு, பாண்டியர் தம் பெயரைத் தமிழ் பிராமியில் பொறித்தே காசு வெளியிட்டதற்குச் சான்றானது. அந்தக் காசின் மதிப்பு அதன் மெருகில் இல்லை, எழுத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காகுறிச்சியில் 1898-இல் கிடைத்த புதையல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 500-க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் அதில் இருந்தன. மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். ஏன் வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. வேற்று மன்னன் முகம் இங்கே செல்லாது என்று காட்டவா, மறுபடி புழக்கத்துக்குப் போகாமல் தடுக்கவா என்ற கேள்வி நிற்கிறது. தர நிறுவனத்தின் சீட்டில் இந்த வெட்டு ஒரு சேதம். வரலாறு படிப்பவருக்கு அந்தக் காசு தமிழ் மண்ணில் பெற்ற இரண்டாம் வாழ்க்கையின் ஒரே சாட்சி. முகலாய ரூபாய்களின்மேல் சராப்புகள் என்ற காசு வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகளும் அதே கணக்கில் சேரும்.

இந்தச் சிக்கலைத் தர நிறுவனங்களே பாதி ஒப்புக்கொண்டுவிட்டன. பழங்காலக் காசுகளுக்கு என்.ஜி.சி. 70-இல் ஓர் எண்ணைத் தருவதில்லை. தேய்மானத்தை ஒரு சொல்லால் குறிக்கிறது. அச்சுக்கு 5-க்கு ஒரு மதிப்பெண், மேற்பரப்புக்கு 5-க்கு ஒரு மதிப்பெண் எனத் தனித்தனியாகப் போடுகிறது. ஆங்கிலேயர் காலத்து ரூபாய்க்கும் குடியரசின் நிக்கல் காசுக்கும் இப்படிப் பிரித்துச் சொல்வதே பொருத்தம். 'அச்சு சுமார், ஒளி முழுமை, புழங்கவில்லை' என்ற மூன்று குறிப்புகள் சொல்லும் செய்தியை 62 என்ற எண் சொல்லாது.

சட்டமும் இந்திய சேகரிப்பாளரை உள்ளூர்க் கண்களின் பக்கம்தான் தள்ளுகிறது. தொல்பொருள்கள், கலைப்பொக்கிஷங்கள் குறித்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்தான். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய், 1911-ஆம் ஆண்டு வந்தது, இந்த வரையறைக்குள் எப்போதோ வந்துவிட்டது. மன்னர் அங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றிபோலத் தோன்றியது. எதிர்ப்பு கிளம்பவே காசு நிறுத்தப்பட்டது. அச்சிட்ட சுமார் 94 லட்சத்தில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போனது; மீதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தும்பிக்கை நீண்ட யானையோடு புதிய ரூபாய் வந்தது. 'பன்றி ரூபாய்' என்று பெயர் வாங்கிய இந்தக் காசில் தரமும் கதையும் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. நன்றாகத் தேய்ந்த காசில் அந்தச் சின்ன உருவம் பன்றியா யானையா என்ற கேள்விக்கே இடமிருக்காது. அத்தனை சண்டைக்கும் காரணமான கோடுகள் நல்ல தரத்தில்தான் தெரியும். அப்படியொரு காசை அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கி வருவது சட்டம் அனுமதிக்காத வழி. ஆண்டு ஒன்று கழிய, இன்னோர் ஆண்டின் காசுகளும் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன.

காசைச் சோதிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய தொழிலும் அல்ல. புறநானூற்றுப் புலவர் வடம வண்ணக்கன் தாமோதரனார் நாணயம் பார்க்கும் தொழிலைத் தம் பெயரோடு சேர்த்தே வைத்திருந்தார் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அன்று அந்தத் திறமை பிழைப்புக்காக வளர்ந்தது. இன்று விருப்பத்துக்காகக் கூடுபவர்களிடம் அது வளர வேண்டும் என்றால் கூடும் முறையில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும்.

முதலாவதாக, பெட்டியில் இருக்கும் காசு என்றால் சீட்டை மறைத்துவிட்டுச் சுற்றுக்கு விட வேண்டும். ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டைத் துண்டுத்தாளில் எழுதி மடித்து வைத்த பிறகே பேச்சு தொடங்க வேண்டும். பேசும்போது வயதில் இளையவர், அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும். பெரியவர் வாய் திறந்துவிட்டால் மறுத்துச் சொல்லும் துணிவு நம் கூட்டங்களில் பலருக்கு வராது. காசுக்குச் சொந்தக்காரரும் அதை விற்கப்போகிறவரும் தரம் சொல்லும் சுற்றில் சேரக் கூடாது. எண்ணை மட்டும் சொன்னால் ஏற்கக் கூடாது; எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, ஒளி எங்கே அறுபடுகிறது என்று காட்டியாக வேண்டும். கைபேசிப் படத்தை வைத்து இறுதி முடிவு சொல்வதையும் தவிர்க்க வேண்டும். விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் படமெடுத்தால் எந்தக் கீறலையும் மறைத்துவிடலாம்.

காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதே என்பது சேகரிப்பாளர்களிடையே பழைய விதி. தெறிக்கும் எச்சில் துளி ஒன்று செம்பில் நிரந்தரக் கறையாகப் படியும். ஆகவே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், மென்துணி விரித்த மேசைமேல் காசை வைத்த பிறகுதான் சண்டை போட வேண்டும்.

இந்தச் சண்டைகளின் முடிவைப் பதிவு செய்யாமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். ஒவ்வொரு வகை ரூபாய்க்கும் தேய்ந்ததிலிருந்து புழங்காதது வரை ஆறேழு காசுகளை வரிசையாகப் படமெடுத்து, எந்தத் தரத்தில் எந்த உறுப்பு மறைகிறது, அச்சின் குறை எப்படி இருக்கும், மினுக்கிய காசு எப்படித் தெரியும் என்று தமிழில் குறிப்பெழுதிய தொகுப்புகளை நாணயக் கழகங்கள் உருவாக்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம் போன்ற இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படி ஓர் அமர்வை நடத்தலாம். அங்கே காசோடு வரும் பொதுமக்களுக்கு விலையைச் சொல்வதற்கு முன்னால் நிலையை விளக்கலாம். முதல் தொகுப்புக்கு 1911 ரூபாயையே எடுத்துக்கொள்ளலாம். அது நாட்டை விட்டுப் போக முடியாத காசு; அதற்குத் தரம் சொல்ல வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான்.